நடந்து வந்து நிரூபிக்கவும்

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளியாக வாழ நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல உடற்கட்டு வேண்டும். முட்டி உறுதியாக இருக்க வேண்டும், மூச்சு இரைக்கக் கூடாது, ஒண்ணுக்கு வந்தால் ஐந்தாறு மணி நேரம் அடக்கத் தெரிய வேண்டும். இந்தத் தகுதிகள் இல்லாதவர்கள் தயவுசெய்து பைக்கிலிருந்து விழவோ, பக்கவாதம் வாங்கவோ முயல வேண்டாம். அரசு பொறுப்பேற்காது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் கால் நடக்காது என்றால் நடந்து வந்து காட்டு என்பதுதான் ஊனத்துக்கு இந்த நாடு வைத்திருக்கும் முதல் விதி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. புத்தகத்தில் இருக்கிற சட்டங்களைவிட இதுதான் ஒழுங்காக அமலாகிறது.

லால்பேட்டைக்கு அந்தப் பக்கம் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் ஓர் அம்மா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஊருக்கு நாலு பேர் உண்டு. நாலு பேரையும் ஒருவராக்கிச் சொல்கிறேன். ஐம்பது வயது. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. நடக்கும்போது இடது உள்ளங்கையால் தொடையை அழுத்தி, முட்டி மடியாமல் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருபக்கம் சாய்த்து அடி வைப்பார். இத்தனை வருஷம் அப்படி அழுத்தி அழுத்தி அந்தக் கை மணிக்கட்டும் போய்விட்டது. கோப்பில் அவர் பெயர் மனுதாரர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மனுதாரருக்கு வேண்டியது ஓர் அட்டை. யூடிஐடி கார்டு எனும் ஊன அடையாள அட்டை. அது இருந்தால்தான் ஓஏபி என்கிற மாத ஓய்வூதியம், பஸ் பாஸ், மூணு சக்கர வண்டி எல்லாம். அட்டைக்கு முதலில் போட்டோ. முகம் மட்டும் தெரிந்தால் பல மனுக்களுக்குப் போதாது. ஊனம் தெரியும்படி முழு உருவம் வேண்டும். ஸ்டுடியோக்காரத் தம்பி சங்கடத்தோடு சொல்வான்: “அக்கா, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க. கால் தெரியணும். தெரியலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.” இத்தனை வருஷமாக ஊர்க் கண்ணிலிருந்து எந்தக் காலை மறைத்து உடுத்தினாரோ, அந்தக் காலை விளக்கு வெளிச்சத்தில் காட்டி நிற்பார். நாலு பிரதி. பின்னால் கையெழுத்து.

அப்புறம் பயணம். சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும் கடலூர் அதற்கும் அப்பால் 45. பக்கத்து ஊரில் முகாம் போட்டால் அதிர்ஷ்டம். முகாமுக்கு எலும்பு டாக்டர் வந்தால் பேரதிர்ஷ்டம். காது டாக்டர் வந்து, எலும்பு டாக்டர் லீவு போட்டால், மனுதாரர் காது நன்றாகக் கேட்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு வீடு திரும்பலாம்.

டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது, கூட வருபவருக்கும் கிடையாது. 2021இல் வந்த நல்ல ஏற்பாடு. பஸ் இலவசம்தான். பஸ்ஸில் ஏறுவதற்குத்தான் விலை. முதல் படி முட்டி உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் தொடையை அழுத்த வேண்டும், பையைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் கெட்டவர் இல்லை. அவருக்கு டைமிங். “சீக்கிரம் ஏறும்மா” என்பதற்குள் கியர் விழுந்துவிடும்.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சதவீதம்.

பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ். ஊனத்தில் 40. 39 எடுத்தால் ஃபெயில். அடுத்த முறை இன்னும் நன்றாக நொண்டிக்கொண்டு வரவேண்டும். மூட்டு எத்தனை டிகிரி மடிகிறது, தசைக்கு எவ்வளவு பலம், கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டை என்று அளந்து போடுகிற கணக்கு அது. ஒருவருக்கு இரண்டு வகை ஊனம் இருந்தால் கூட்டுவதற்குத் தனிச் சூத்திரமே இருக்கிறது: பெரியதோடு சின்னதை அப்படியே கூட்டக் கூடாது, 90இலிருந்து பெரியதைக் கழித்து, சின்னதால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைத்தான் கூட்ட வேண்டும். ஆக 30ம் 30ம் சேர்ந்தால் 60 இல்லை, 50. மருத்துவருக்கு அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் வயல் வரப்பு இல்லை. மழைக்குச் சேறாகிற தெரு இல்லை. வீட்டுக்குப் பின்னால் நூறடி தள்ளி இருக்கும் கக்கூஸ் இல்லை. காட்டுமன்னார்கோயிலின் 38 சதவீதக் காலும் சென்னை அண்ணா நகரின் 38 சதவீதக் காலும் ஒரே கால் என்பது சூத்திரத்தின் முடிவு. அண்ணா நகர்க் காலுக்கு லிப்ட் இருக்கிறது.

38 வாங்கியவரின் வாழ்க்கை தனிக் காவியம். ஓஏபி கேட்டால், “உங்களுக்கு ஊனம் பத்தாதும்மா.” சித்தாள் வேலைக்குப் போனால், “உன் காலுக்கு இது ஆகாதும்மா.” இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் குடும்பம் நடத்த வேண்டும். 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தி அட்டைக்கு நிறம் பிரித்தார்கள்: 40க்குக் கீழே வெள்ளை, 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம். வெள்ளை அட்டையை வைத்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் குறை என்று யாரும் சொல்லக்கூடாது. 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம். 2016 சட்டத்தில் 21. அந்தச் சட்டத்தின் 45வது பிரிவு, பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்றியாக வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். கெடு முடிந்த அன்று எந்தக் கட்டடமும் வெட்கத்தில் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை. 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரத்தூரி வழக்கில், அந்த விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கண்டுபிடித்தது. சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது; சட்டத்தை அமல்படுத்த எழுதிய 15வது விதியோ வெறும் ஆலோசனைகளைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது. அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் எழுதச் சொன்னார்கள். ஏழு வருஷம் நாம் அமல்படுத்தாமல் விட்டது, அமல்படுத்தவே முடியாதபடி எழுதப்பட்ட விதியை என்று தெரிந்ததில் அதிகாரிகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஒரு சாய்தளத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்களோ அந்த ஊர் அலுவலகம் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. வாசலில் மூன்று படி. படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடிக்குச் சாய்தளம் வேண்டும். கட்டியிருப்பது ஐந்தடி. மேலே வழுவழு டைல்ஸ், மழைச் சாரல் பட்டால் பளபளக்கும். பக்கத்தில் எவர்சில்வர் கைப்பிடி, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. சக்கர நாற்காலியைக் கீழிருந்து தள்ளினால் ஏறாது. மேலிருந்து விட்டால் நேரே மெயின் ரோடு. குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சறுக்கு விளையாடுகிறார்கள், அந்தமட்டில் பொதுப்பயன்பாடு. மேல்முனையில் இரண்டு பைக், ஒரு செத்துப்போன ஜெராக்ஸ் மிஷின், ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. இதையெல்லாம் கேட்டால் ஒரே பதில்: “ராம்ப் போட்டாச்சு சார்.” ஆமாம், போட்டாச்சு. படிவத்தில் ராம்ப் உண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘உண்டு’ என்று எழுதுவதற்காகக் கட்டிய ராம்ப் அது. அந்தப் படிவத்துக்குச் சக்கரம் இருந்தால் தாராளமாக ஏறிப் போகும்.

எங்கள் ஊரில் கோப்பு மெதுவாக நகர்வது புது வழக்கமும் இல்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு பிரசித்தம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்த சேதி அதில் இருக்கிறது. இளவரசன் செத்தது எப்போது, ஆணை வந்தது எப்போது? நடுவில் உத்தம சோழன் ஆட்சி முழுக்கப் போய், ராஜராஜன் பட்டமேறி இரண்டாம் ஆண்டில்தான் கோப்பு அசைந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல். பட்டத்து இளவரசன் கொலைக்கே அவ்வளவு என்றால் மனுதாரருக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் கல்லில் எழுதினார்கள். நமக்கு எஸ்எம்எஸ் வரும்: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’

ஆனால் எல்லாமே மெதுவாக நகர்வதில்லை. பக்கத்து வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாயில் ஏறி, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. தண்ணீரை யாரும் கையெழுத்துக்கு நேரில் வா என்று கூப்பிடுவதில்லை. சென்னைக்குத் தாகம் என்றதும் ராட்சதக் குழாய், நீரேற்று நிலையம், இரவு பகல் கண்காணிப்பு எல்லாம் முளைத்தன. இங்கிருந்து அங்கே அனுப்ப இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்கு, கடலூரிலிருந்து ஒரு டாக்டரையும் ஒரு கிளர்க்கையும் ஒரு ரப்பர் ஸ்டாம்பையும் 70 கிலோமீட்டர் இந்தப் பக்கம் மாதம் தவறாமல் அனுப்பத் தெரியவில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசுக்கு ஓர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு, இந்திரா காந்தி பெயரில். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். இருந்தால் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். நாளுக்குப் பத்து. 2012இல் 200ஐ 300 ஆக்கினார்கள்; அதோடு கை ஓய்ந்துவிட்டது. நடுவில் ஆட்சி மாறியது, நோட்டு செல்லாமல் போனது, பார்லிமென்டுக்கே புதுக் கட்டடம் வந்தது. அந்த 300 மட்டும் அசையவில்லை. கை கால் அசையாதவர்களுக்கான தொகையும் அசையாமல் இருப்பதுதான் பொருத்தம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பத்து ரூபாயை நீட்டினால் டீக்கடைக்காரர் பரிதாபப்பட்டு அரை டீ கொடுப்பார்.

மாநில அரசு அவ்வளவு மோசமில்லை. வருவாய்த் துறை வழியாக வருகிற ஓஏபியை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 ஆனது. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையில் 3,000 ரூபாயை ஒரே தூக்கில் 6,000 ஆக்கினார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு 15,000. ஆந்திராக்காரன் காலும் நம்மூர்க் காலும் அப்படி என்ன வித்தியாசம்? சமூக நீதியில் நாம் முன்னோடி மாநிலம் என்று மேடையில் பேசும்போது, அந்த 4,500 ரூபாய் வித்தியாசத்தையும் மைக்கில் சொன்னால் கைத்தட்டல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

அந்த 1,500ம் சும்மா வருவதில்லை. கருவியோடு வருகிற வங்கி முகவரிடம் ரேகை வைக்க வேண்டும். ஊன்றி ஊன்றித் தேய்ந்த கையில் ரேகை எங்கே இருக்கும்? “அழுத்தி வையும்மா. துடைச்சிட்டு வையும்மா. வேற விரல் வையும்மா.” தொழுநோயில் விரலே போனவருக்கு எந்த விரல்? 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்கள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் வசதி எல்லோருக்கும் எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் உயிரோடு இருப்பதாக வங்கி ஒப்புக்கொண்டது. இமையே கருகிப்போனவர் எப்படிச் சிமிட்டுவார் என்பதுதான் அவர்கள் கேட்டது. நாட்டின் தலைசிறந்த மென்பொருள் மூளைகளுக்குத் தோன்றாத கேள்வி.

சாகக் கிடப்பவர்களின் கதை இதைவிட மோசம். புற்றுநோய் முற்றி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். செய்வதற்கு நிறையவே இருக்கிறது, வலியைக் குறைக்கலாம். மார்பின் மாத்திரை அப்படியொன்றும் விலை கூடியதில்லை. 1985 போதைப்பொருள் சட்டம் அதைச் சுற்றிப் போட்ட முள்வேலியை 2014 திருத்தம் தளர்த்தியும்விட்டது. வேலி தளர்ந்த சேதி பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டிக் கிராமத்துக் கயிற்றுக் கட்டிலுக்கு வந்து சேரவில்லை. ராத்திரியெல்லாம் கத்துகிறவரைப் பற்றி ஊர் சொல்லும்: “பாவம், இழுத்துக்கிட்டுக் கெடக்கு. சீக்கிரம் போயிட்டா தேவலை.” அதே வீட்டில் பென்ஷன் நின்றுபோயிருந்தால் அரசு கேட்கும்: உயிரோடு இருப்பதற்குச் சான்று உண்டா?

வீடு தேடி வர அரசுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அருமையாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது; பிசியோதெரபி, படுக்கை நோயாளிக்கான பராமரிப்பு என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பெண் பணியாளர் நடந்தோ வண்டியிலோ வந்து கதவைத் தட்டுகிறார். இன்னும் அருமை, தேர்தல். 2024 மக்களவைத் தேர்தலில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் 85 வயது தாண்டியவர்களும் 12-டி படிவம் கொடுத்தால் வீட்டிலேயே ஓட்டு. அதிகாரிகள், வீடியோ எடுக்க ஒருவர், துப்பாக்கியோடு ஒரு போலீஸ், ரகசியத்துக்கு அட்டைத் தடுப்பு, சீல் வைத்த பெட்டி. கட்டில் ஓரத்தில் வைத்து, “பாட்டி, பொறுமையா போடுங்க, அவசரமில்லை” என்று நின்றார்கள். ‘அவசரமில்லை’ என்ற சொல்லை ஓர் அரசு அதிகாரி வாயிலிருந்து அந்தப் பாட்டி முதல்முறையாகக் கேட்டிருப்பார்.

ஏனென்றால் இந்தத் தொகுதிக்கு ஓட்டின் அருமை தெரியும். 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். எண்பத்தேழே எண்பத்தேழு! இரண்டு கல்யாணப் பந்தி கூட இல்லை. தொகுதியில் கோல் ஊன்றுகிறவர்களையும், தவழ்கிறவர்களையும், கண் தெரியாதவர்களையும், படுக்கையில் கிடப்பவர்களையும் எண்ணினால் 87 எந்த மூலைக்கு? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 11 லட்சத்து 79 ஆயிரம் பேர், அதுவும் பழைய கணக்கு. அவர்கள் ஒரு சாதியாகப் பிறந்திருந்தால் இந்நேரம் மாநாடு போட்டு, கூட்டணி பேசி, வாரியத் தலைவர் பதவி வாங்கியிருப்பார்கள். என்ன செய்வது, எல்லாச் சாதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்து தொலைத்துவிட்டார்கள்.

ஆண்டுக்கு ஒருநாள் அவர்களுக்கும் மரியாதை உண்டு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். சாமியானா, பிளக்ஸ், நாதஸ்வர கேசட். மூணு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும், சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், முதுகில் ஸ்டிக்கரோடு. பயனாளிகளைப் பத்து மணிக்கே வரச் சொல்லியிருப்பார்கள். விருந்தினர் வரப் பன்னிரண்டரை. அதுவரை வண்டியில் யாரும் உட்காரக் கூடாது, கசங்கிவிடும். ஆகவே வண்டி தேவைப்படுகிறவர்கள் தரையிலும் வண்டிகள் நிழலிலும் காத்திருக்கும். மேடைக்கு நாலு படி. சாய்தளம்? மேடை டெம்பரவரிதானே! விருந்தினர் இறங்கி வந்து, சாவியை நீட்டி, கேமரா பக்கம் திரும்பி, வாங்குகிறவரையும் திருப்பி, சிரித்து முடித்ததும் போட்டோகிராபர் “சார், இன்னொண்ணு” என்பார். வண்டியில் காற்று இறங்கியிருந்தால் வீட்டுக்கு அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பேச்சில் தவறாமல் ஒருவர் சொல்வார்: “ஊனம் உடம்பில் இல்லை, மனதில்தான் இருக்கிறது!” அப்படியானால் அந்தப் படிகளும் மனதில்தான் இருக்கின்றனவா என்று கீழே தரையில் இருக்கும் யாரும் கேட்பதில்லை. வண்டி இன்னும் கைக்கு வரவில்லை.

இந்தத் தத்துவக் கும்பலின் உச்சம் 2024 ஆகஸ்டில், சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில். மகாவிஷ்ணு என்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர், ஊனமாகப் பிறப்பது போன ஜென்மத்துப் பாவம் என்கிற அர்த்தத்தில் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். எழுந்து தட்டிக் கேட்டவர் பார்வையில்லாத ஓர் ஆசிரியர். கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வீடியோ பரவியது, கைது நடந்தது, எல்லோரும் கொதித்தார்கள். அதே நாட்களில் எத்தனையோ தெருக்களில் எத்தனையோ தாய்மார்களிடம் “நீ என்ன பாவம் பண்ணியோ” என்று சொந்த மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இங்கே ஒரு ஜப்பான் ரசிகர் எழுந்து நிற்பார். எல்லா டீக்கடையிலும் ஒருவர் உண்டு. “ஜப்பான்ல பாருங்க சார், வீல்சேர்ல ஒருத்தர் வந்தா ஸ்டேஷன்காரரே பலகையோட ஓடி வர்றாரு. அது அவங்க கலாச்சாரம். நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்ல.”

கலாச்சாரமா? பார்வையற்றோருக்கு வழிகாட்டும் மஞ்சள் புடைப்புக் கற்களை மியாகே செய்இச்சி என்பவர் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தார், உண்மை. இன்று நம்மூர் ரயில் நிலையங்களிலும் அதே மஞ்சள் கல் இருக்கிறது. நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டினால் அது ஜப்பான்காரன் தப்பு இல்லை. ஆனால் அந்த மஞ்சள் கல் பதித்த அதே நாட்டில், 1948 முதல் 1996 வரை ஒரு சட்டம் இருந்தது. ‘தரமற்ற’ சந்ததி பிறக்கக் கூடாது என்று சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள், பெரும்பாலோருக்குச் சம்மதம் இல்லாமலே. அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 3இல். அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள். 2016 ஜூலையில் சகமிஹாராவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் முன்னாள் ஊழியன் புகுந்து 19 பேரைக் குத்திக் கொன்றான். போலீஸ் பெயர்களை வெளியிடவில்லை, குடும்பங்கள் கேட்டுக்கொண்டன என்றார்கள். செத்த பிறகும் பெயர் சொல்ல முடியாத அளவுக்கு வெட்கம். 2018இல் இன்னொரு கூத்து: ஊனமுற்றோரை வேலைக்கு வைக்கச் சட்டம் போட்ட அரசாங்கத்தின் அமைச்சகங்களே கள்ளக் கணக்கு எழுதியது அம்பலமானது. 3,460 பேர் சும்மா சேர்த்த கணக்கு. கண்ணாடி போட்டவரெல்லாம் பட்டியலில், இறந்துபோனவர்கள்கூட வேலையில். நம்மூர் மஸ்டர் ரோல் எழுதுகிறவர்கள் கேட்டால் கண் கலங்குவார்கள், உடன்பிறப்பைக் கண்ட மாதிரி.

அப்படியானால் அந்தப் பலகை எப்படி வந்தது? 1970களில் ஜப்பானிய பஸ்காரர்கள் சக்கர நாற்காலியை ஏற்ற மாட்டோம் என்றார்கள். துணைக்கு ஆள் வேண்டும், நாற்காலியை மடக்க வேண்டும், சாதாரண சீட்டில் உட்கார வேண்டும் என்றெல்லாம் சட்டம் பேசினார்கள். ‘அஒய் ஷிபா’ என்று ஓர் அமைப்பு. எல்லாம் மூளை முடக்குவாதக்காரர்கள், வாய் குழறும், கை இழுத்துக்கொள்ளும். 1977 ஏப்ரலில் கவாசாகி பஸ் நிலையத்தில் அவர்கள் கூட்டமாக வந்து, தவழ்ந்து, பஸ்களில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தார்கள். பஸ் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. பத்திரிகைகள் திட்டின. பொதுமக்கள் முகம் சுளித்தார்கள். அனுதாபப்பட்டவர்களும் ‘இவ்வளவு வேண்டாமே’ என்றார்கள். போக்குவரத்தில் தடையை நீக்கும் சட்டம் வந்தது 2000இல், இருபத்துமூன்று வருஷம் கழித்து. 2019இல் கிட்டத்தட்ட அசையவே முடியாத இருவர் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெரிய சக்கர நாற்காலி நுழைவதற்காகப் பார்லிமென்டின் இருக்கையைப் பெயர்த்து மாற்றினார்கள். பலகையோடு ஓடி வருகிற அந்த ஸ்டேஷன்காரரின் பணிவுக்குப் பின்னால் கவாசாகியில் தவழ்ந்தவர்களின் ரத்தம் கட்டிய முட்டி இருக்கிறது. டீக்கடை ரசிகருக்குப் பலகை மட்டும் பிடித்திருக்கிறது.

நம்மிடமும் நல்ல சட்டம் ஒன்று வந்தது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சிகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை. கை தட்டுகிறேன், கேலி இல்லை. தட்டிவிட்டுக் கேட்கிறேன்: உங்கள் ஊர் மன்றக் கூட்டம் எந்த மாடியில் நடக்கிறது?

பஸ்ஸிலும் அப்படித்தான். சென்னையில் வழக்குமேல் வழக்கு நடத்தி வாங்கிய புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சாலைக்கு வந்தன. ஏறுகிறவருக்காகப் பஸ் தானே ஒருபக்கம் குனிந்து கொடுக்கும். காட்டுமன்னார்கோயில் பஸ் குனிவதில்லை. இங்கே குனிய வேண்டியது மனுதாரர்.

குனிந்து சலித்தவர்கள் சாலைக்கு வருகிறார்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் ‘ஆந்திராவுக்கு இணையாகக் கொடு’ என்று மறியல் மேல் மறியல் நடத்திவருகிறது. பார்க்க வேண்டிய காட்சி அது. கோல்களையும் காலிபர்களையும் கழற்றித் தார் ரோட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் ஹாரன். “பாவம்தான், அதுக்காக ரோட்டை மறிக்கலாமா?” என்று ஏசி கார் கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கி ஏறும்.

அப்போதுதான் இத்தனை வருஷம் காணாமல் போயிருந்த அரசு இயந்திரம் வேகம் பிடிக்கும். போலீஸ் வேன் வந்து நிற்கும். அதற்கும் சாய்தளம் கிடையாது, பஸ்ஸைவிட உயரம். ஆனால் இங்கே யாரையும் ‘சீக்கிரம் ஏறும்மா’ என்று சொல்லமாட்டார்கள். தலைப்பக்கம் இரண்டு பேர், கால்பக்கம் இரண்டு பேர் என்று ஆளுக்கு நாலு காவலர் பிடித்து, அலுங்காமல் தூக்கி உள்ளே வைப்பார்கள். சதவீதம் கேட்கமாட்டார்கள். அட்டை வெள்ளையா மஞ்சளா என்று பார்க்கமாட்டார்கள். முழு உருவப் படம் வேண்டாம், ரேகை வேண்டாம், வாழ்நாள் சான்று வேண்டாம். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கி, மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலமும் கொடுப்பார்கள். சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விடுதலை செய்துவிடுவார்கள். திரும்பிப் போக வண்டி கேட்டால், அது தங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்பார்கள்.